யாலினின் மணிக்கட்டு

ஸி ஆற்றங்கரை
1986 பிப்ரவரி 20

அக்காவுக்கு,

வசந்தப் புத்தாண்டின் இரண்டாம் நாள் மகளோடு தாய்வீட்டுக்குப் போன பெண்டாட்டி சாயங்காலம் திரும்பி வருவாள் என்று, புகைபோட்ட பன்றிக்கறியை மிளகாயோடு வதக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் எனக்கு அன்று பணிமுறை இல்லாதிருந்தால் நானும் கூட வந்திருப்பேன். நீங்கள் இந்தக் காரியம் செய்திருக்க முடியாது.

ஷியாவ்மானை மட்டும் உங்கள் தம்பி கொண்டுவந்து விட்டான். "பெரியக்கா சின்னக்காவ சாங்ஷாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னை ஒண்ணும் கேக்காதீங்க அத்தான், நான் வாயத் தொறந்தா ரெண்டு பக்கமும் அடி" என்றான். தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். ஒன்பது வயதுப் பெண் அம்மா எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அதையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கலாம்.

யாலின் நான்கு வருடமாகச் சரியில்லை என்பது எனக்குத் தெரியாதா? தூக்கமில்லை. தொண்டையில் பிளம் கொட்டை சிக்கியது போல இருக்கிறது என்கிறாள். விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை. பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றவளை மீன் விற்கிறவர்தான் பிடித்து இறக்கினார். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகக் கண்மூடியதில்லை.

எங்கள் நாடி வைத்தியத்தில் இது கல்லீரலின் உயிரோட்டம் தேங்கிப்போன நோய். கோபமோ துக்கமோ உள்ளேயே நின்றுவிட்டால் முதலில் அடைபடுவது அங்கேதான். பிறகு மண்ணீரல் பசியை விடும், இதயம் தூக்கத்தை விடும். கல்யாணமான மறுநாளிலிருந்து ஒரு காலைகூட அவள் நாடியைப் பார்க்காமல் நான் வேலைக்குப் போனதில்லை. என் அப்பாவும் என் அம்மாவுக்கு அப்படித்தான் பார்த்தார். அவள் உடம்பை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. ஷைஹூ வேர், பியோனி வேர், அதிமதுரம், புதினா எல்லாம் பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புதினாவைக் கடைசியில்தான் போட வேண்டும். உங்களுக்குக் காய்ச்சத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அவளைத் திருப்பி அனுப்புங்கள்.

லியாவ் கெமிங்


சாங்ஷா
1986 மார்ச் 3

மாப்பிள்ளை,

காய்ச்சத் தெரியும். நானும் இந்த மண்ணில்தான் பிறந்தேன், மேற்கத்திய மனநல மருத்துவம் படித்ததால் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியாகிவிடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் தங்கை எப்படி இருந்தாள் என்று சொல்கிறேன். தன் பெயரைக் கேட்டால் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. குளிக்கச் சொன்னால் குளித்தாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், நிறுத்தச் சொல்லாவிட்டால் மென்றுகொண்டே இருந்தாள். "நான் ஒரு பாரம்க்கா. சுமக்கிறவங்க நல்லவங்களா இருக்கிறதுதான் இன்னும் பாரம்" என்றாள். இதைக் கேட்டும் கல்லீரலைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். உங்கள் மருத்துவமனைச் சீட்டில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருக்கிறது. இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பேருக்கு நரம்புத் தளர்ச்சி, கேட்டால் அரசியல், வேலைப்பளு, சீதோஷ்ணம் என்று எல்லாவற்றையும் சொல்வார்கள். அழுகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். மூளையின் வேதிச்சமன் கெட்டிருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டேன். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். அதுவரை அவள் என் பார்வையிலேயே இருப்பாள்.

நோயின் பெயரை அவளிடம் சொல்லிவிட்டேன். குடும்பத்தாருக்குச் சொல்லி நோயாளியிடம் மறைக்கிற நம் வழக்கம் எனக்கு ஆகாது. கேட்டுவிட்டு, "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

தம்பி சொல்கிறான்: நீங்கள் தினமும் கஷாயச் சக்கையைத் தெருவில் கொட்டுகிறீர்களாம், போகிறவர் வருகிறவர் காலில் ஒட்டிக்கொண்டு நோய் போய்விடும் என்று. படித்த வைத்தியர்! ஊரே மிதித்துத் தேய்த்தாகிவிட்டது. நோய் உங்கள் வீட்டை விட்டு நகர்ந்ததா?

ஷியாவ்மானிடம் அம்மா வைத்தியத்துக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொல்வது அத்தனை கஷ்டமில்லை.

பெங் ஷூஜென்


ஸி ஆற்றங்கரை
1986 மார்ச் 19

அக்கா,

சக்கையைக் கொட்டுவது என் மாமியார், அதாவது உங்கள் அம்மா, சொல்லிக்கொடுத்தது. கேலி செய்வதானால் அவர் கல்லறைக்குப் போய்ச் செய்யுங்கள்.

நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை. சாங்ஷாவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சான்று வந்தது. உறையிலேயே உங்கள் மனநோய் மருத்துவமனையின் முத்திரை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் லியாவ், டீச்சருக்கு மேலுக்கு முடியலன்னு நெனச்சோம், இது வேற மாதிரில்ல இருக்கு" என்றார். அவருடைய முகத்தில் இருந்த பரிவைப் பார்க்க வேண்டுமே. மறுநாளே ஷியாவ்மானோடு பெஞ்சில் உட்காரும் பெண் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நரம்புத் தளர்ச்சி என்று எழுதி நான்கு வருடம் அவளுக்கு ஒரு வேலையும் மரியாதையும் மிச்சம் பிடித்துவைத்தேன். நீங்கள் ஒரு உறையில் அதைத் தீர்த்துக் கட்டினீர்கள். உண்மை சொல்வது கஷ்டமில்லைதான், அடி வாங்குகிறவர் வேறு ஊரில் இருந்தால்.

உங்கள் படிப்பில் மனிதனுக்குத் தலை மட்டும்தான் இருக்கிறது. கீழே தொங்குவதெல்லாம் அதைச் சுமக்கிற கால்கள். யாலினுக்கு உள்ளங்கை சில்லென்று இருக்கும், நாக்கின் ஓரம் சிவந்திருக்கும், நாடி வீணைத் தந்தி போல விறைத்து நிற்கும். இதெல்லாம் பேசுகிற உடம்பு. நீங்கள் கேள்வித்தாளைக் கொடுத்து, 'எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்' என்று டிக் போடச் சொல்கிறீர்கள்.

அந்த மாத்திரையால் வாய் வறளும், கை நடுங்கும், வயிறு இறுகும் என்று இங்கே சொல்கிறார்கள். அப்படி இருக்கிறதா? கோபத்தில் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். சாப்பிடுகிறாளா என்று மட்டுமாவது எழுதுங்கள். ஷியாவ்மான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாள். பாதி நாள் அடிப்பிடித்து விடுகிறது. "அம்மா வர்றதுக்குள்ள சரியா வந்துரும்ப்பா" என்கிறாள்.

காலையில் நாடி பார்க்கிற சிறு மெத்தையை மேசைமேல் எடுத்துவைத்துவிட்டுப் பிறகுதான் நினைவு வருகிறது.

கெமிங்


சாங்ஷா
1986 ஏப்ரல் 27

மாப்பிள்ளை,

உறை விஷயம் என் தவறு. அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

சாப்பிடுகிறாள். போன வாரம் சந்தையில் கசப்பு முள்ளங்கியை இனிப்பு என்று விற்றவனோடு சண்டை போட்டாள். சண்டை! நான் பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன், முள்ளங்கிக்காரன் பயந்துபோய் இரண்டு கட்டு சும்மா கொடுத்துவிட்டான். தூங்குகிறாள். பதில் உடனே வருகிறது. மாத்திரை வேலை செய்கிறது என்று சொன்னால் உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

நீங்கள் சந்தோஷப்படவும் ஒன்று உண்டு. வாய் வறண்டது, வயிறு இறுகியது, நீங்கள் சொன்னபடியே. என்னிடம் இருந்ததைக் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் உங்கள் பொட்டலத்தை எடுத்தேன். புதினாவைக் கடைசியில்தான் போட்டேன். மூன்றே நாளில் சரியாகிவிட்டது. குடிக்கும்போது அவள், "அவரு கைப்பக்குவம்" என்றாள். என்ன குரலில் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு பொட்டலம் அனுப்புங்கள். எனக்கு மூக்கு உடைந்ததை யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேதிச்சமனோ கல்லீரலோ, நான்கு வருடத்துக்கு முன் என்னதான் நடந்தது? 1982 வசந்தம் வரை நன்றாக இருந்தவள்தானே? உங்களிடம் கேட்கிறேன். அவளிடமும் கேட்கத்தான் போகிறேன்.

ஷூஜென்


சாங்ஷா
1986 ஜூன் 8

டாக்டர் லியாவ்,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

பொட்டலம் அனுப்பினீர்கள், என் கேள்விக்குப் பதில் அனுப்பவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. நேற்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன், சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்:

"மறுபடி உண்டானத அப்ப நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. ஒங்கிட்டகூடச் சொல்லல. ரெண்டாவது புள்ளைன்னா சர்க்கார்ல விடமாட்டாங்கன்னு தெரியும். மலைமேல அத்தை வீட்டுல போயி இருந்து பெத்துக்கிட்டு வந்துரலாம், அப்புறம் அபராதம் போடட்டும், வேலைய புடுங்கட்டும்னு துணியெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டேன். அன்னைக்குக் காலைல அவரு நாடி பாத்தாரு. எப்பவும் வைக்கிறதவிட கொஞ்ச நேரம் கூடுதலா வெரல வச்சிருந்தாரு. 'கஞ்சி ஆறுது, குடி'ன்னாரு. மத்தியானம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸ்காரங்க ஜீப்போட வந்துட்டாங்க.

"எதுத்த வீட்டு கிளார்க்கம்மாதான் காட்டிக் குடுத்துச்சுன்னு அவரே வந்து சொன்னாரு. அந்தம்மாவுக்கு எப்பிடிக்கா தெரியும்? தெரிஞ்சது அவரு மூணு வெரலுக்குத்தான்."

ஏன் அவரைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா கல்லீரல்ல ஓட்டம் சரியில்லம்பாரு. தெனமும் காலைல கைய நீட்டினேன். எனக்குத் தெரியும்ங்கிறது இன்னைக்காவது அந்த வெரலுக்குத் தெரியுதான்னு பாப்போம்னு. ஒரு நாளும் தெரியல" என்றாள். பிறகு பட்டாணியை உரித்தாள்.

கருவுற்ற பெண்ணின் நாடி தட்டில் முத்து உருள்வது போல இருக்கும் என்று உங்கள் புத்தகங்கள் சொல்கின்றன. உருண்டதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த அலுவலகத்துக்கு நடந்து போனீர்கள். கலைத்து முடித்து வீட்டுக்கு வந்தவளுக்குக் கோழியில் மருந்து போட்டுச் சூப் வைத்துக் கொடுத்தீர்கள். நான்கு வருடம் நீங்கள் கொடுத்த நோய்க்கு நீங்களே வைத்தியம் பார்த்தீர்கள். இப்படி ஒரு வைத்தியரை நான் பார்த்ததில்லை.

அவள் வரமாட்டாள். ஷியாவ்மானை விடுமுறைக்கு இங்கே அனுப்புங்கள்.

பெங் ஷூஜென்


ஸி ஆற்றங்கரை
1986 ஆகஸ்ட் 2

டாக்டர் பெங்,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு நான் மண்டியிடுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1982 வசந்தத்தில் என் மருத்துவமனைக்கு ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண்ணை மலையிலிருந்து இழுத்து வந்தார்கள். அவளும் ஏதோ ஒரு அத்தை வீட்டில்தான் ஒளிந்திருந்தாள். உள்ளே நடந்ததைப் பார்த்தவன் நான், வெளியே அவள் தாய் கத்தியதைக் கேட்டவனும் நான். பிறகு ரத்தம் நிற்கவில்லை. அடுத்த மாதம் என் விரலின் கீழ் யாலினின் நாடி உருண்டபோது எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் தெரிந்தது. ஒளிந்தால் கண்டுபிடிப்பார்கள். தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள். முடிவது சீக்கிரமே முடியட்டும், இவள் உயிரோடு இருக்கட்டும் என்று போனேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லையா என்றால், இருந்தது. எது எத்தனை பங்கு என்று நிறுத்துப் பார்க்க எந்த வைத்தியத்திலும் தராசு கிடையாது.

அவளிடம் பேசியிருக்கலாம் என்பீர்கள். பேசியிருந்தால் அவள் அன்றே மலைக்குப் போயிருப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

கிளார்க்கம்மா மேல் பழி போட்டது கேவலம். அதற்கு மட்டும் என்னிடம் சப்பைக்கட்டு எதுவும் இல்லை.

இனி உங்கள் சங்கதி. எங்கள் இளம் டாக்டர் ஷென் ஜூலையில் உங்கள் கருத்தரங்குக்கு வந்திருந்தார். திரும்பி வந்து கேன்டீன் வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார்: "சார், ஒரு அம்மா ஒரு கேஸ் சொன்னாங்க பாருங்க, அப்படியே உக்காந்துட்டோம். ஆரம்பப் பள்ளி டீச்சராம். புருசன் நாடி வைத்தியராம். நாடியப் புடிச்சே கண்டுபிடிச்சுப் பெண்டாட்டியவே போட்டுக் குடுத்துட்டானாம் சார்! அந்த ஆளு கையில சோறு எப்படி எறங்கும்?" அந்த ஆள் கையில் சோற்றுத் தட்டு இருந்தது. எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

பெயரை மறைத்துவிட்டீர்கள். மற்றதெல்லாம் அவளுடையது. பட்டாணி உரித்தபோது உங்களை நம்பிச் சொன்னதை மேடையேற்றிக் கைதட்டு வாங்கினீர்களே, அவளைக் கேட்டீர்களா? நான் அவள் மணிக்கட்டில் கேட்டதை அலுவலகத்தில் சொன்னேன். நீங்கள் அவள் வாயில் கேட்டதை மண்டபத்தில் சொன்னீர்கள். ஒரே வீட்டுக்கு வாய்த்த இரண்டு வைத்தியர்கள்.

ஷியாவ்மான் வரமாட்டாள். அவள் அப்பனோடு இருப்பாள்.

லியாவ் கெமிங்


சாங்ஷா
1986 ஆகஸ்ட் 15

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை எனக்கு முன் யாலின் படித்துவிட்டாள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்திருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது பை கட்டித் தயாராக இருந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீ கேட்டப்ப அக்கா கேக்கிறான்னு நெனச்சேன். டாக்டர் கேக்கிறான்னு தெரிஞ்சிருந்தா டாக்டருக்குச் சொல்ற அளவுக்குச் சொல்லியிருப்பேன்" என்றாள். இந்த நோயை மறைத்து மறைத்தே ஜனங்கள் சாகிறார்கள், நாலு டாக்டருக்காவது தெரியட்டும் என்றுதான் பேசினேன் என்றேன். "நல்ல காரியந்தான்க்கா. அவரும் நல்லதுக்குத்தான் போனாராம். எழுதியிருக்காரு" என்றாள்.

பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு ஏறினாள். இந்தக் கடிதம் சேர்வதற்குள் அவள் உங்கள் வீட்டில் இருப்பாள். உங்களுக்காக வரவில்லை, மகளுக்காக வருகிறாள் என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இலையுதிர் காலம் முடியும்வரை வரும். அதற்குப் பிறகும் இன்னும் ஒரு வருடமாவது தொடர வேண்டும். உங்கள் மருத்துவமனையில் கிடைக்காது. நடுவில் நிறுத்தினால் பழைய இடத்துக்கே, அந்தப் பாலத்துக்கே, போவாள். உங்கள்மேல் எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. ஆனால் அங்கே இருக்கப்போவது நீங்கள்தான். தீர்வதற்கு முன் எழுதுங்கள்.

ஷூஜென்


ஸி ஆற்றங்கரை
1986 நவம்பர் 11

அக்கா,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்து நான்கைந்து முறை கிழித்துப் போட்டேன்.

யாலின் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கே நேரில் போய்த் தலைமையாசிரியரிடம், "எனக்கு வந்தது மனச்சோர்வு. ஒட்டிக்காது. வகுப்பு குடுங்க" என்று கேட்டாள். அந்த மனிதர் மூன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டுக் கிளார்க்கம்மாவிடம் போய் இத்தனை வருடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு வருத்தம் தெரிவித்தாள். ஏன் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "வீட்டுல ஒரு தகவல் தப்பாச் சொல்லிட்டாங்க" என்றாளாம். தெருவில் என்னைப் பார்த்தால் இப்போது அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், ஷியாவ்மானோடு ஒரே கட்டிலில் படுத்து இரண்டு பேரும் ஏதேதோ கதை பேசுகிறார்கள். நான் போனால் பேச்சு நிற்பதில்லை, அதுவே எனக்கு உறைக்கிறது. நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். என் தட்டில் சோறு போடுகிறாள். சட்டையில் பொத்தான் அறுந்தால் தைத்துவைக்கிறாள். வந்த மறுநாள் காலையில் நான் மெத்தையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை.

உங்களிடம் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் வேறு யாரிடம் சொல்ல? நோயாக இருந்தபோது அவள் என்னோடு இருந்தாள். தினமும் கையை நீட்டினாள். அது எதற்காக நீட்டிய கை என்று இப்போது தெரிந்த பிறகும், அந்தக் கை வேண்டும் போல இருக்கிறது. மாத்திரைப் புட்டியை நான்தான் அலமாரியில் எடுத்துவைக்கிறேன். குறைந்துகொண்டே வருவதைப் பார்க்கிறேன். உங்களுக்கு எழுதாமல் இருந்துவிட்டால் போதும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குளிர்காலம் முடிவதற்குள் தொண்டையில் கொட்டை திரும்ப வந்துவிடும். தூக்கம் போய்விடும். அப்போது என்னிடம்தான் வந்தாக வேண்டும். அக்டோபர் முழுக்க இதை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் எழுதியது சரிதான்.

முந்தாநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், "இன்னும் எம்மேல கோபமா?" என்று. நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை நன்றாகவே பார்த்தாள்.

"கோபமெல்லாம் இல்ல. ஒடம்பு தேறிடுச்சு, அவ்வளவுதான். நாலு வருசமா இதுக்குத்தானே மருந்து குடுத்தீங்க? நான் தேறினா இப்பிடித்தான் இருப்பேன்" என்றாள். பிறகு அடுத்த நோட்டை எடுத்தாள்.

மாத்திரை இந்த மாதத்தோடு தீர்ந்துவிடும். தபாலில் தாமதமாகலாம், அதனால் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கையில் கொடுத்தனுப்புங்கள். ஒரு வருடத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள் அக்கா. என் கையில் கொடுக்க வேண்டாம், அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கெமிங்